'வீல்சேர் வரும், வாங்க!'ன்னு பண்ணையில சொன்னா... அடுத்து நீங்க கேட்க வேண்டிய கேள்விகள்

இன்ஸ்டாவைத் திறந்தா ஏதாவது ஒரு பண்ணை ரீல்ஸ். ஆட்டுக்குட்டிக்குப் புட்டியில பால் கொடுக்குற பாப்பா, மடியில முயலோட ஒரு காலேஜ் பொண்ணு, பின்னாடி கொக்கரிக்கிற சேவல். 'இந்த வீக் எண்ட் இங்க போலாமா?'ன்னு ஃபேமிலி குரூப்பில் யாராவது ஷேர் பண்ணியிருப்பாங்க. எல்லாரும் தம்ஸ்-அப் போட்டுட்டு இருக்கும்போது, வீல்சேர் பயன்படுத்துற நீங்க மட்டும் அந்த வீடியோவை வேற மாதிரி பார்ப்பீங்க. குட்டியைப் பார்க்க மாட்டீங்க, தரையைப் பார்ப்பீங்க.

அது மண்ணா, சிமென்ட்டா? அந்த பாப்பா நிக்கிற இடத்துக்குப் படி இருக்கா? அந்த கேட் எவ்வளவு அகலம்?

சரி, போன் பண்ணிக் கேட்டுடலாம்னு கூப்பிட்டா, பெரும்பாலும் வர்ற பதில் இதுதான்: "வீல்சேர் தாராளமா வரும்ங்க, வாங்க. ஏதாச்சும்னா நம்ம ஆளுங்க தூக்கி விட்டுடுவாங்க." அன்பான பதில்தான். ஆனா அதுக்கு அர்த்தம், கார் கேட்டுக்குள்ள வரும் என்பது மட்டும்தான். அதுக்கப்புறம் குடும்பமே பட்டிக்குள்ள போய் குட்டிகளோட விளையாட, நீங்க மாமர நிழல்ல உட்கார்ந்து எல்லாரோட செருப்பையும் பையையும் பார்த்துக்கிட்டு இருக்கலாம். டிக்கெட் மட்டும் உங்களுக்கும் ஃபுல் டிக்கெட்.

பண்ணைக்கு 'வர்றது' வேற, பண்ணையில 'இருக்குறது' வேற. உங்க கையால ஆட்டுக்குத் தழை கொடுக்கணும், டாய்லெட் போகணும், அலுப்பில்லாம வீடு திரும்பணும். அந்த ஒரு நாளை உங்க நாளா மாத்துறதுக்கு என்ன கேட்கணும், என்ன எடுத்துட்டுப் போகணும்னு பார்ப்போம்.

ஜூ வேற, பண்ணை வேற!

'விலங்கு பார்க்கணும்னா வண்டலூர் போலாமே'ன்னு கேட்கலாம். நியாயம்தான். 602 ஹெக்டேர் பரப்புள்ள வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் நல்ல சாலைகள் இருக்கு, சுத்திப் பார்க்க பேட்டரி வண்டியும் இருக்கு. (செவ்வாய்க்கிழமை லீவு, மறந்துடாதீங்க.) ஆனா அங்க புலி அகழிக்கு அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம். நடக்கிறவருக்கும் வீல்சேர்ல இருக்கிறவருக்கும் கிடைக்கிறது கிட்டத்தட்ட ஒரே பார்வை.

பண்ணையோட சுவாரஸ்யமே தொடுறதுலதான். கன்னுக்குட்டியோட நாக்கு உள்ளங்கையில சொரசொரன்னு படுறது, கோழிக்குஞ்சோட சூடு... இதுக்கெல்லாம் கிட்ட போகணும். கிட்ட போற அந்தக் கடைசிப் பத்தடிதான் பெரும்பாலும் மண், சேறு, படி, குறுகலான கேட். வீல்சேர் நிக்கிற இடமும் அதுதான்.

'வருமா?'ன்னு கேட்காதீங்க... வீடியோ கேளுங்க!

பண்ணைக்காரர் பொய் சொல்றதில்லை. அவர் தினமும் நடக்கிற பாதை, அவருக்கு அது சமதளமாத்தான் தெரியும். வாசல்ல இருக்குற ஒரு படி அவர் கண்ணுக்கே படாது. அதனால ஆமா-இல்லைன்னு பதில் வர்ற கேள்வியை விட்டுட்டு, அவர் போனையே உங்க கண்ணா மாத்துங்க. இந்த மெசேஜை அப்படியே காப்பி பண்ணி அனுப்பலாம்:

'அண்ணா வணக்கம். நான் வீல்சேர்ல வர்றேன். கார் நிக்கிற இடத்துல இருந்து ஆட்டுப்பட்டி, மாட்டுத்தொழுவம், சாப்பிடுற இடம், டாய்லெட் வரைக்கும் தரை தெரியுற மாதிரி நடந்துகிட்டே ஒரு வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா? டாய்லெட் உள்ளேயும் ஒரு போட்டோ வேணும். வழியில எங்கெல்லாம் படி இருக்குன்னு சொன்னா உதவியா இருக்கும்.'

ரெண்டு நிமிஷ வீடியோ, பத்து போன்கால் சொல்லாததைச் சொல்லிடும்.

அளவு வேணும்னா? பண்ணையில டேப் தேடி எடுக்கச் சொல்லத் தயக்கமா இருக்கலாம். ஒரு 500 ரூபாய் நோட்டு போதும். இப்போ புழக்கத்துல இருக்கிற 500 ரூபாய் நோட்டோட நீளம் சரியா 15 செ.மீ. கதவு நிலையில குறுக்கா ஆறு தடவை வெச்சு அளந்தா 90 செ.மீ. கதவுத் திறப்புக்கு நம்ம நாட்டு அணுகல் வழிகாட்டி சொல்ற அளவும் 90 செ.மீதான். சாதாரண மடக்கு வீல்சேர் பெரும்பாலும் 65-லிருந்து 70 செ.மீ அகலம் இருக்கும். சக்கரத்தைத் தள்ளுற கைக்கும் இடம் வேணும் இல்லையா? உங்க வீல்சேரோட முழு அகலத்தை இன்னைக்கே அளந்து போன்ல நோட் பண்ணி வெச்சுக்கங்க. 'எத்தனை நோட்டு அகலம்?'னு கேட்டா போதும்.

அதே நோட்டைப் படிக்குப் பக்கத்துல நெட்டுக்குத்தலா நிறுத்தி ஒரு போட்டோ கேளுங்க. நோட்டு உயரம் இருந்தா படி 15 செ.மீ. அதுக்கு சாய்தளம் எவ்வளவு நீளம் வேணும்? விதி 1-க்கு 12. அதாவது 15 செ.மீ உயரத்துக்கு 180 செ.மீ, கிட்டத்தட்ட ஆறடி. ரெண்டு படின்னா பன்னிரண்டு அடி. 'ஒரு பலகையைப் போட்டுடுறோம்'னு சொன்னா, பலகை எத்தனை அடின்னு கேளுங்க. ரெண்டு படிக்கு மூணடிப் பலகைன்னா அது சாய்தளம் இல்லை, சறுக்குமரம்.

சிறுசு ரெண்டும்தான் பிரச்னை

வீல்சேர் மண்ணுல மாட்டுறது பெரிய சக்கரத்தால இல்லை; முன்னாடி இருக்குற சின்ன சக்கரங்களால. எடை அந்தச் சின்னச் சக்கரத்தோட சின்னப் பரப்புல இறங்குறதால, மணல்ல கத்தி மாதிரி உள்ளே போயிடும். ஜல்லியில குறுக்கே திரும்பி நின்னுடும். கூட வர்றவங்க பின்னாடியிருந்து இன்னும் பலமாத் தள்ளினா, சேர் நிக்கும், நீங்க மட்டும் முன்னாடி போவீங்க.

இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, சேரைப் பின்னால லேசா சாய்ச்சு, சின்னச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிட்டு, பெரிய சக்கரத்துல மட்டும் ஓட்டுறது. இன்னொண்ணு, அப்படியே திருப்பி, பின்பக்கமா இழுத்துட்டுப் போறது. பெரிய சக்கரம் முதல்ல போறதால புதைமணல்ல இது ஈஸி. செங்குத்தான இறக்கத்துலயும் உதவியாளர் பின்னாடி பிடிச்சுக்க, பின்பக்கமா இறங்குறதுதான் பாதுகாப்பு. எது செஞ்சாலும் 'இப்போ சாய்க்கிறேன்'னு சொல்லிட்டுச் செய்யணும்.

மண்ணோட குணமும் முக்கியம். காய்ஞ்சு இறுகின செம்மண் கிட்டத்தட்ட சிமென்ட் மாதிரி உருளும். கரிசல் மண் அப்படியில்லை. ஒரு மழை போதும், சக்கரத்துல அப்பிக்கிட்டு பிரேக் வரைக்கும் ஏறிடும். வடகிழக்குப் பருவமழை கொட்டுற அக்டோபர்-டிசம்பர்ல கரிசல் பூமிப் பண்ணைகளைத் தள்ளிப்போடுங்க. ஜனவரி, பிப்ரவரி அருமையான நேரம். ஆனா பொங்கல் லீவு நாள்கள்ல கூட்டம் அள்ளும். அதுக்கு அடுத்த வாரம், அதுவும் வார நாளா இருந்தா, பண்ணைக்காரருக்கே உங்களோட பேச நேரம் இருக்கும்.

அப்புறம் முள்! நம்ம ஊர்ப் பண்ணைன்னா வேலியில சீமைக்கருவேலம், தரையில நெருஞ்சி. காத்தடிக்கிற டயர்னா பஞ்சர் கிட்டும் கைப்பம்பும் பையில இருக்கட்டும். சைக்கிள் கடையில் கிடைக்கிறதே பல வீல்சேர்களுக்குப் போதும். காத்தில்லாத கெட்டி டயர்னா அந்தக் கவலை இல்லை, ஆனா குலுக்கல் அதிகம்.

அடிக்கடி வெளியில போறவங்க, முன்பக்கம் மாட்டுற மோட்டார் இணைப்பையும் யோசிக்கலாம். ஐ.ஐ.டி மெட்ராஸில் உருவாகி 2021-ல் அறிமுகமான 'நியோபோல்ட்' அந்த ரகம். மாட்டினதும் சின்னச் சக்கரம் தரையிலிருந்து எழும்பிடும், முன்னாடி ஒரு பெரிய சக்கரம் வந்துடும். மணிக்கு 25 கி.மீ வரை வேகம். பண்ணைக்குள்ள அந்த வேகம் வேணாம், அந்தச் சக்கரம்தான் வேணும்!

பவர் வீல்சேர் வெச்சிருக்கவங்க இதையும் கவனிங்க. ஆள் இல்லாமலே பல மாடல்கள் 50 கிலோவைத் தாண்டும். 'தூக்கிக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. தொழுவத்தைத் தண்ணியடிச்சுக் கழுவுற நேரத்துல கன்ட்ரோலர் பக்கம் தண்ணி தெறிக்காம ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டுக்கங்க.

டாய்லெட்... இது வசதி சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை

வெளியூர் கிளம்பினா காலையிலிருந்தே தண்ணி குடிக்காம இருக்குறது, வீல்சேர் பயன்படுத்துற நிறைய பேருக்குப் பழக்கம். குறிப்பா பெண்களுக்கு. போற இடத்துல டாய்லெட் எப்படி இருக்குமோ என்ற பயம். நம்ம வெயில்ல அது நீர்ச்சத்துக் குறைவு, சிறுநீர்த் தொற்றுன்னு கொண்டு போய் விடும்.

தண்டுவடக் காயம் உள்ளவங்களுக்கு இன்னும் ஆபத்து. மார்புப் பகுதி முதுகெலும்பில் ஆறாவது எலும்பு மட்டத்திலோ அதுக்கு மேலோ காயம்பட்டவங்களுக்கு, சிறுநீர்ப்பை நிரம்பி வெளியேறாம இருந்தா ரத்த அழுத்தம் திடீர்னு எகிறலாம். தலை வெடிக்கிற மாதிரி வலி, முகம் சிவக்கிறது, காயத்துக்கு மேல் பகுதியில மட்டும் வியர்வை... இது மருத்துவ அவசரம். நேரா உட்கார வெச்சு, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கான்னு பார்த்து, உடனே மருத்துவ உதவிக்குப் போகணும். கூட வர்றவங்களுக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

ஆக, 'டாய்லெட் இருக்கா?'ன்னு கேட்டா பத்தாது. வெஸ்டர்னா, இந்தியனா? கதவு வெளிப்பக்கம் திறக்குமா? உள்ளே திறக்குற கதவுன்னா வீல்சேர் உள்ள போனதுக்கப்புறம் சாத்தவே முடியாது. சேர் ஒரு முழுச் சுத்து திரும்ப 1.5 மீட்டர் இடம் வேணும், அது இருக்கா? பிடிச்சு எழும்பப் பக்கத்துல கைப்பிடி இருக்கா? வாசல்ல தண்ணி தேங்காம இருக்க ஒரு மேடு கட்டியிருப்பாங்களே, அது எவ்வளவு உயரம்?

இரவு தங்குற வசதியுள்ள பண்ணைகள்ல ஒரு லாபம் உண்டு. பகல் மட்டும் போனாலும், 'கீழ்த்தளத்துல ஒரு ரூமை ரெண்டு மணி நேரத்துக்குத் தர முடியுமா?'ன்னு கேளுங்க. வாடகை கொஞ்சம் கேட்டாலும் பரவாயில்லை. உடை மாத்த, கொஞ்சம் படுத்து முதுகையும் இடுப்பையும் ஆத்திக்க ஒரு கட்டில் இருக்கும். பெருமூளை வாதம் உள்ள வளர்ந்த பிள்ளையோட போற அம்மா-அப்பாவுக்கு இதோட அருமை தெரியும். பன்னிரண்டு வயசுப் பையனுக்கு டயப்பர் மாத்தணும்னா காரோட பின்சீட்டைத் தவிர வேற இடமே இருக்காது. அந்தப் பையனுக்கும் மானம் இருக்கு இல்லையா?

மாட்டோட கண்ணுல வீல்சேர்

சரி, விலங்குகிட்ட வந்துட்டோம். நீங்க அதைப் பார்க்கிற மாதிரி, அதுவும் உங்களைப் பார்க்கும். தினமும் ரெண்டு கால்ல நடந்து வர்றவங்களையே பார்த்துப் பழகின மாட்டுக்கு, பளபளன்னு உருண்டு வர்ற வீல்சேர் ஒரு புது ஜந்து.

மாட்டுக்குப் பக்கவாட்டுல ரொம்ப அகலமான பார்வை. ஆனா நேர் பின்னாடி ஒண்ணும் தெரியாது. பளிச்சுன்னு அடிக்கிற வெளிச்சம், திடீர்ச் சத்தம், தரையில விழுற கறுப்பு நிழல் இதெல்லாம் அதை மிரள வைக்கும். மாடுகள் உலகத்தை எப்படிப் பார்க்குதுன்னு அமெரிக்கப் பண்ணைகளுக்குப் புரிய வெச்சவங்கள்ல முக்கியமானவர் டெம்பிள் கிராண்டின். ஆட்டிசம் உள்ள விலங்கியல் பேராசிரியர். மிரளுற மாட்டை அதட்டுறதுக்குப் பதிலா, அது எதைப் பார்த்து மிரளுதுன்னு அதோட கண் மட்டத்துக்கு இறங்கிப் பார்க்கணும் என்பது அவரோட வழி. வீல்சேர்ல இருக்குற நீங்க ஏற்கெனவே அந்த மட்டத்துலதான் இருக்கீங்க!

பின்பற்ற வேண்டியது சிம்பிள். பின்னாடியிருந்து போகாதீங்க, தோள்பட்டைப் பக்கமா, சாய்வா, மெதுவா போங்க. கொஞ்ச தூரத்துல பிரேக் போட்டுட்டு, குரல் கொடுங்க. அது மோப்பம் பிடிச்சு, மூச்சை இழுத்துவிட்டு, தானா கழுத்தை நீட்டும். அதுவரை கை நீட்ட வேணாம். பக்கத்துல இருக்கும்போது சேரோட முகம் வெளியேறுற வழியைப் பார்த்து இருந்தா நல்லது. அவசரத்துல யூ-டர்ன் போட நேரம் இருக்காது.

தொழுவத்துக்குள்ள மாட்டுக்குப் பின்பக்கம் சாணம், கோமியம் ஓடுற வாய்க்கால் இருக்கும். சின்னச் சக்கரம் அதுல இறங்கினா போச்சு. அதனால, 'தீவனத் தொட்டிப் பக்கமா போலாமா?'ன்னு கேளுங்க. மாட்டோட முகம் இருக்குற பக்கம் அது. பொதுவா நேரா, காய்ஞ்சு கிடக்கும். தொட்டியோட உயரமும் உட்கார்ந்த கைக்கு எட்டும். அகத்திக்கீரைக் கட்டு ஒண்ணு கையில் இருந்தா போதும், அப்புறம் உங்களை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

ஆடு வேற கதை. இப்போ நிறைய பண்ணைகள்ல பரண் மேல ஆடு வளர்க்கிறாங்க. ஏறப் படிக்கட்டு, தரையில இடைவெளி விட்ட பலகைகள். அதுல வீல்சேர் ஏறவும் கூடாது, ஏத்தவும் கூடாது. ரெண்டு குட்டியை வெளியில கொண்டு வரச் சொல்லுங்க. எந்தப் பண்ணையிலும் இதுக்கு மறுப்பு சொல்ல மாட்டாங்க, கேட்கிறதுதான் இல்லை.

குட்டி வந்ததும் முதல் வேலையா முன்னங்காலைத் தூக்கி உங்க மடியில வைக்கும். ரீல்ஸுக்கு சூப்பர் ஷாட். ஆனா கால்ல உணர்ச்சி இல்லாதவங்களுக்குக் குளம்பு கீறினாலும் தெரியாது. ஒரு கனமான துண்டை மடியில விரிச்சுக்கங்க. முழு பேன்ட், ஷூ போட்டுக்கங்க. இன்னொரு விஷயம், தொங்குற எதையும் ஆடு விடாது. பெல்ட் வார், பை நாடா, சிறுநீர்ப் பையோட குழாய் எல்லாத்தையும் உள்ளே சொருகிடுங்க.

முயலுக்கு உங்க மடிதான் பெஸ்ட் சீட். நின்னுகிட்டுத் தூக்குற குழந்தை கையிலிருந்து துள்ளி விழுந்தா முயலோட முதுகெலும்பே முறியலாம். உட்கார்ந்த மடியில, துண்டு மேல, பின்னங்காலுக்கு ஒரு கை தாங்கலா வெச்சா அது நிம்மதியா இருக்கும். வரிசையில நிக்கிற வாண்டுங்க எல்லாம் உங்ககிட்ட வந்து தடவிட்டுப் போவாங்க.

மாட்டுவண்டி, டிராக்டர் சவாரி? முதுகுக்குச் சாய்மானம் இல்லை, பிடிமானம் இல்லை, குலுக்கல் ஜாஸ்தி. உட்கார்ந்தா நிலையா இருக்க முடியாதவங்களும், அழுத்தப் புண் வந்த அனுபவம் உள்ளவங்களும் தவிர்க்கலாம். 'இதுல மட்டும் நான் வரலை'ன்னு சொல்ற உரிமையும் உங்க நாள்ல அடக்கம்தான்.

கையைக் கழுவினா மட்டும் பத்தாது

ஆரோக்கியமா இருக்குற மாடு, ஆட்டோட குடல்லயே சில வகை ஈ.கோலை பாக்டீரியா இருக்கலாம். அதுக்கு ஒண்ணும் ஆகாது, நமக்கு ஆகும். 2009-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில, குடும்பங்கள் போற ஒரு பண்ணையிலிருந்து 93 பேருக்கு இந்தத் தொற்று பரவிச்சு. பெரும்பாலானவங்க குழந்தைங்க. பயமுறுத்தச் சொல்லலை, சோப்பும் ஓடுற தண்ணியும் இதைப் பெரிய அளவுல தடுக்கும்.

ஆனா எல்லாருக்கும் சொல்ற 'கை கழுவுங்க' அட்வைஸ் உங்களுக்குப் பாதிதான். சாணம் மிதிச்ச செருப்பை மத்தவங்க கழட்டி விட்டுட்டு சாப்பிட உட்காருவாங்க. உங்க 'செருப்பு' சக்கரம். அதை ஒட்டின வளையத்தைப் பிடிச்சுத்தான் நீங்க சாப்பாட்டு மேஜைக்கே வருவீங்க. கையைக் கழுவிட்டு மறுபடி அதே வளையத்தைத் தள்ளினா, கழுவினதுக்கே அர்த்தமில்லை.

அதனால வரிசை இப்படி இருக்கட்டும்: முதல்ல டயர், அப்புறம் வளையம், பிரேக் பிடி, ஆர்ம்ரெஸ்ட்டை சோப்புத் தண்ணித் துணியால துடைங்க. சாப்பிடுற இடத்துக்கு வந்து நின்னதுக்கப்புறம் கடைசியா கை. இருபது விநாடி சோப்பு போட்டு. கையில அழுக்கு ஒட்டியிருக்கும்போது சானிடைசர் சரியா வேலை செய்யாது. தள்ளும்போது கிளவுஸ் போட்டு, சாப்பிடும்போது கழட்டிடுறதும் நல்ல ஐடியா. கறந்த பாலைக் காய்ச்சாம குடிக்கிற சாகசம் யாருக்கும் வேணாம்.

வெயில், அலுப்பு, அழுத்தம்

தண்டுவடக் காயம் உள்ள பலருக்குக் காயத்துக்குக் கீழ உடம்பு சரியா வியர்க்காது. வியர்க்கலைன்னா உடம்பு சூடு இறங்காது. தலைக்குத் தொப்பி, கழுத்துல ஈரத்துண்டு, ஸ்ப்ரே பாட்டில் மூணும் கட்டாயம். காலை 10 மணிக்குள்ள விலங்குகளோட வேலையை முடிச்சுட்டு, மத்தியானம் நிழல். காலைத் தீவன நேரத்தைக் கேட்டு வெச்சுக்கிட்டா ரெண்டும் ஒத்துப்போகும். வெயில்ல நிறுத்தின சேரோட இரும்பு சுடும். உணர்ச்சி இல்லாத தோல்ல அது கொப்புளமாகலாம். அரை மணிக்கு ஒரு தடவையாவது முன்னாடி குனிஞ்சோ, பக்கவாட்டுல சாய்ஞ்சோ இடுப்புக்கு ரத்த ஓட்டம் கொடுங்க. போனில் அலாரம் வெச்சுடுங்க. ஆட்டுக்குட்டி மடியில இருந்தா நேரம் போறதே தெரியாது!

கூட வர்ற மச்சான், சித்தி, ஃப்ரெண்ட்ஸ் கவனத்துக்கு

'டேய், நாலு பேர் இருக்கோம், தூக்கிட்டுப் போயிடலாம்டா' என்பது பாசம்தான். ஆனா ஆர்ம்ரெஸ்ட்டும் கால் வைக்கிற பலகையும் கழட்டுற மாதிரி செஞ்ச பாகங்கள். அதைப் பிடிச்சுத் தூக்கினா கையோட வந்துடும், சேர் கவிழும். ஒரு படி ஏத்தணும்னா, சேரோட முதுகைப் படிப்பக்கம் திருப்பி, பின்னாடி சாய்ச்சு, ஒருத்தர் கைப்பிடியைப் பிடிச்சு இழுக்க, இன்னொருத்தர் முன்னாடி சட்டத்தைப் பிடிச்சு ஏத்தணும். 'ஒண்ணு, ரெண்டு, மூணு' சொல்ற ஆள் சேர்ல இருக்குறவர்தான். அவர் வேணாம்னா வேணாம்.

இன்னொண்ணு. பண்ணைக்காரர் 'இவருக்கு மோர் வேணுமா?'ன்னு உங்ககிட்ட கேட்டா, பதில் சொல்லாதீங்க. அவர் பக்கம் திரும்பிப் பாருங்க. பண்ணைக்காரருக்குப் புரிஞ்சுடும்.

சட்டம் என்ன சொல்லுது?

'தனியார் பண்ணைதானே, அவங்க இஷ்டம்'னு நினைக்கலாம். அப்படியில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 'பொதுக் கட்டடம்' என்பதற்குத் தர்ற விளக்கத்துல, பொதுமக்கள் பொழுதுபோக்குக்காக வந்து போற தனியார் கட்டடமும் அடங்கும். சேவை தர்ற தனியார் நிறுவனங்களும் அணுகல் விதிகளைப் பின்பற்றணும். சட்டத்தை மீறினா முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும்னா 50,000-லிருந்து 5 லட்சம் வரை. புகாரை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் கொடுக்கலாம்.

2024 நவம்பர் 8-ம் தேதி, ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போச்சு. அணுகல் அளவுகள் வெறும் பரிந்துரையா இருக்கக்கூடாது, விட்டுக்கொடுக்க முடியாத கட்டாய விதிகளை உருவாக்குங்கன்னு மத்திய அரசுக்கு உத்தரவிட்டுச்சு.

இதையெல்லாம் தெரிஞ்சுக்கிறது முதல் போன்காலிலேயே சண்டை போட இல்லை. நீங்க கேட்கிறது சலுகை இல்லைன்னு உங்களுக்கே தெரிஞ்சா, மெசேஜ் அனுப்பும்போது 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்'னு ஆரம்பிக்க மாட்டீங்க. அதுக்குத்தான்.

பண்ணை வெச்சிருக்கிறவங்க இதைப் படிச்சா...

மண் பூமியில எப்படிங்க பாதை போடுறதுன்னு கேட்காதீங்க. மெரினா மணல்லயே போட்டாங்க. 2022 நவம்பரில் சுமார் 260 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறந்து, வீல்சேர்ல வந்தவங்க கடல் அலைக்குப் பக்கத்துல போனாங்க. அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல அது சேதமானதும், திரும்பச் சரிசெஞ்சதும் தனிக்கதை. பாதை போட்டா மட்டும் பத்தாது, பராமரிக்கவும் வேணும் என்ற பாடமும் அதுல இருக்கு.

உங்களுக்கு அவ்வளவு நீளம் தேவையில்லை. பார்க்கிங்லிருந்து ஒரு பட்டி வரைக்கும், ஒரு டாய்லெட் வரைக்கும் இறுக்கமா திமிசு போட்ட பாதை, ஒரு சரியான சாய்தளம், வெளிப்பக்கம் திறக்குற ஒரு கதவு, உட்கார்ந்த கைக்கு எட்டுற ஒரு குழாய். முதியவங்களுக்கும், குழந்தையைத் தள்ளுவண்டியில கொண்டு வர்ற அம்மாக்களுக்கும் அதே பாதைதான் உதவும். அப்புறம் உங்க இன்ஸ்டா பக்கத்துல, குட்டிகளோட வீடியோவுக்கு நடுவுல, தரையைக் காட்டுற ஒரு வீடியோவும் போட்டு பின் பண்ணி வைங்க.

போயிட்டு வந்த நீங்களும் ஒரு வேலை செய்யணும். கூகுள் மேப்ஸ் ரிவ்யூவுல 'சூப்பர் பிளேஸ்'னு மட்டும் போடாதீங்க. 'வாசல்ல ஒரு படி, 15 செ.மீ. டாய்லெட் வெஸ்டர்ன், கதவு குறுகல். தீவனத் தொட்டிப் பக்கம் வீல்சேர் ஈஸியா போகுது. குட்டிகளை வெளியே கொண்டு வந்து காட்டினாங்க'ன்னு நாலு வரி எழுதி, தரை தெரியுற மாதிரி ரெண்டு போட்டோ போடுங்க. வேற ஏதோ ஊர்ல, ஃபேமிலி குரூப்புல வந்த ரீல்ஸைப் பார்த்து, தம்ஸ்-அப் போடலாமா வேணாமான்னு ஒருத்தர் யோசிச்சுட்டு இருப்பார். அவர் தேடுறது அந்த நாலு வரியைத்தான்.